மூன்றாவது கை

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மட்டும் வீட்டில் தனிக்கட்சி நடத்துகிறது. நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, யாரும் எதையும் கேட்காமல் வைத்துவிடுகிறோம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பாலத்தின் மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு, பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் வாசலில் வைத்திருக்கிறார்கள். பட்டறையிலிருந்து நாங்கள் எல்லோரும் கையைக்கூடத் துடைக்காமல் ஓடிப்போய்ப் பார்த்தோம். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கை வருகிறது. நடு ஆற்றில் பிரிந்து, இரண்டாவது கை மாணவர் விடுதிக்குப் போகிறது. மூன்றாவது கை எங்கள் தெருவுக்கு வருகிறது. அண்ணி, நான் இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்தேன். எங்கள் தெருவுக்கேதான்.

விடுதிக்கும் எங்களுக்கும் நடுவில் கால்வாய் இருப்பதால் எங்களை இதுவரை எந்த வரைபடத்திலும் யாரும் சேர்த்ததில்லை. துப்புரவு ஆட்கள், கான்டீன் ஆட்கள், தோட்டக்காரர்கள், வெல்டிங் வைக்கிற நான், எல்லோரும் லாரிப் பாலத்தைச் சுற்றித்தான் வேலைக்கு வருகிறோம். அதில் நடைபாதை கிடையாது. போன மழைக்காலத்தில் துப்புரவுப் பிரிவுக்காரர் ஒருவரை லாரியின் கண்ணாடி தட்டியதே, அவரால் இன்னும் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மாதிரிக்கு முன்னால் அதிக நேரம் நின்றது அவர்தான்.

கட்டடப் பிரிவு அதிகாரியும் வந்தார். இடுப்பில் சாவி குலுங்க நடப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சாவிக்கொத்து. "மூணாவது எதுக்கு? அங்க யாரு இருக்கா?" என்றார். சுற்றி நின்ற நாங்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருக்கிறோம். வரைந்தது என் அண்ணி என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லட்டுமா?

அண்ணனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்ல வேண்டியதில்லை, அவர் சாப்பிட்டுவிடுவார். நீங்கள் சாப்பிடுங்கள்.

உங்கள் நாத்தனார்,
பட்டறையில் 'பொறி'

ஜனவரி 27

அன்புள்ள பொறிக்கு,

ஆசிகள். எங்கள் இருவருக்கும் சளி, மற்றபடி குறையில்லை. அத்தையின் முழங்காலுக்கு உன் அண்ணன் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறார். அனுப்புவார், நான் நாலு தடவை சொன்ன பிறகு.

யாரிடமும் சொல்லிவிடாதே. நாத்தனாருக்காகப் பாலத்தை வளைத்தாள் என்பார்கள். அதில் பாதி உண்மையும் இருப்பதால் எனக்குக் கோபம் அதிகமாக வரும்.

சாவிக்கொத்து கேட்டதைக் கட்டடக் குழுவும் போன வாரம் கேட்டது. "மேடம், மூணாவது கைய மட்டும் எடுத்துட்டா செலவு குறையுமே?" என்றார் பதிவாளர். நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு விளக்கினேன். நடு ஆற்றில் நிற்கிற கம்பத்தை மூன்று கைகளும் கேபிளால் மூன்று திசையில் இழுத்துப் பிடிக்கின்றன. ஒரு கையை எடுத்தால் மற்ற இரண்டும் கம்பத்தோடு ஆற்றில் படுத்துக்கொள்ளும். முக்காலியில் ஒரு காலை எடுத்துவிட்டு உட்காருவது உங்கள் இஷ்டம் என்றேன். பன்னிரண்டு பேரும் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டு கைப் பாலத்தை இதைவிடச் சுலபமாக வரைந்திருக்கலாம். வெட்ட முடியாதபடி வேண்டுமென்றேதான் இப்படி வரைந்தேன். முப்பது வருடமாக எந்த வரைபடத்திலும் முதலில் வெட்டுப்படுவது உங்களைப் போன்றவர்களின் வழிதான் என்று பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். தைலம் வந்தது. அம்மா அதை முழங்காலுக்குப் போடாமல் தலைவலிக்குப் போட்டுக்கொண்டு, நன்றாகக் கேட்கிறது என்கிறாள். நாங்கள் நலம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். அம்மா யாரிடமும் சொல்லவில்லை, எதிர்வீட்டில் மட்டும்தான் சொன்னாள். இப்போது தெருவுக்கே தெரியும். முக்காலிக் கதையைக் கான்டீனில் தட்டு கழுவுகிற இடத்தில்கூடச் சொல்லிச் சிரிக்கிறார்கள். துப்புரவுப் பிரிவுக்காரர் என்னிடம் வந்து, "உங்க அண்ணி படிச்சது போதாதுன்னு குசும்பும் படிச்சிருக்காங்க" என்றார். பாராட்டுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் கரையில் மண்ணைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். வேலைக்குப் போகிற எல்லோரும் ஒரு நிமிடம் நின்று குழியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். வெறும் குழிதான். ஆனாலும் பார்க்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பொறி

ஏப்ரல் 20

அன்புள்ள பொறிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலை நெருக்கடி, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

குழுக் கூட்டம் மறுபடி நடந்தது, நாள் முழுக்க. சில்லறை மாற்றங்கள் சில உண்டு. மூன்று கையும் அப்படியே இருக்கும், அதுதான் முக்கியம். கேபிள் வரத் தாமதமாகும் போலிருக்கிறது. அத்தையை வெயிலில் அலைய விடாதே.

அன்புடன்,
அண்ணி

ஜூலை 8

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் போன கடிதம் தந்தி மாதிரி இருந்தது. அடுத்ததையாவது உட்கார்ந்து எழுதுங்கள்.

கம்பத்தை நிறுத்திவிட்டார்கள். படகில் கொண்டுவந்து, கிரேன் வைத்துத் தூக்கி, காலையில் ஆரம்பித்தது பொழுது சாய்கிற வரைக்கும் நடந்தது. சாவிக்கொத்து வராந்தாவில் நின்று கத்தினாலும் பட்டறையில் ஒருவரும் வேலை செய்யவில்லை. நேராக நிற்கும் என்று நினைத்தேன், கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. அம்மா பயந்துபோய், "உங்க அண்ணி கணக்குல தப்பு பண்ணிட்டாளா?" என்றாள். சாய்ந்தால்தான் அழகு என்று நானே அளந்துவிட்டேன். சரிதானே?

கைகள் மூன்றும் இரண்டு மாதத்தில் சேர்ந்துவிடுமாம். எங்கள் பக்கத்து முனையில் இரண்டு பக்கமும் இரண்டு இரும்புத் தூண் நடுகிறார்கள். மாதிரியில் அதைப் பார்த்த ஞாபகம் இல்லை. விடுதிப் பக்கத்திலும் இல்லை. அது எதற்கு, அண்ணி?

அண்ணனுக்கு என் அன்பு.

உங்கள் பொறி

ஜூலை 25

அன்புள்ள பொறிக்கு,

இருவரும் நலம். உட்கார்ந்து எழுதச் சொன்னாய், உட்கார்ந்துவிட்டேன்.

கம்பம் சாய்ந்துதான் நிற்கும். மூன்று கையும் ஒரே நீளம் இல்லை, அதனால் குட்டைக் கைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. அத்தையிடம் கணக்கு சரி என்று சொல். அழகு என்று நீ அளந்ததும் சரிதான்.

இங்கே விடாத மழை. உன் அண்ணன் குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் அதே பேருந்தில் தேடிப் போய், வேறொருவர் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிடியில் பெயர் பொறித்திருக்கிறது. இப்போது அந்தப் பெயருக்குரியவரைத் தேடுவதுதான் வீட்டில் முழுநேர வேலை. நான் காட்டாத கோபத்தை எல்லாம் அந்தக் குடைக்காரர் காட்டப்போகிறார் என்று பயப்படுகிறார். அலுவலகத்தில் ஜன்னல் ஒழுகுகிறது. பாலம் கட்டுகிறவர்களுக்கு ஒரு ஜன்னலை அடைக்கத் தெரியவில்லை.

அத்தைக்கு வணக்கம். எழுது.

அன்புடன்,
அண்ணி

ஆகஸ்டு 30

அன்புள்ள பொறிக்கு,

நலமா? நான் எழுதி ஒரு மாதமாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அத்தைக்கு ஏதாவது உடம்புக்கு முடியவில்லையா? போன் செய்தால் அத்தைதான் எடுக்கிறார்கள், "அவ வேலையா இருக்கா" என்று வைத்துவிடுகிறார்கள். உன் அண்ணனும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு வரியாவது எழுது.

அண்ணி

செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அம்மா நலம். நானும் நலம்தான்.

ஆகஸ்டு முதல் வாரம் சாவிக்கொத்து பட்டறைக்கு ஒரு வரைபடம் கொண்டுவந்தார். இரும்புக் கேட். ஆள் உயரத்துக்கு மேல், உச்சி முழுக்கக் கூர்முனை. மூன்றாவது கையின் முனையில் மாட்டுவதற்கு. அந்த இரண்டு தூணும் அதற்குத்தான். "பராமரிப்பு ஆளுங்க மட்டும்தான் அந்தப் பக்கம் போவாங்க. சாவி என்கிட்ட இருக்கும்" என்றார். நன்றாக வெல்டிங் வைக்கிற கை வேண்டும் என்று வேலையை என்னிடம் கொடுத்தார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. என் அண்ணியின் பாலத்தில் இவர் எப்படிக் கேட் மாட்டுவார் என்று நினைத்தேன். அப்புறம்தான் வரைபடத்தின் மூலையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். தேதி ஏப்ரல்.

சாவிக்கொத்து பூட்டினால் எனக்குக் கோபம் வராது. அது அவர் பிழைப்பு. நீங்கள் சில்லறை மாற்றங்கள் என்று எழுதினீர்கள். தூண் எதற்கு என்று நேராகக் கேட்டேன், குடையைப் பற்றி எழுதினீர்கள். ஒரு மாதமாக எத்தனை கடிதம் எழுதிக் கிழித்தேன் என்று எனக்கே தெரியாது. வெட்ட முடியாத பாலத்தை வரைந்து, பூட்டுவதற்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால் எங்களுக்கு என்ன மிச்சம்? உங்கள் கம்பம் விழாமல் இருக்க எங்கள் கரையில் ஒரு முட்டு. நாங்கள் முட்டுக் கொடுக்க வேண்டும், அவர்கள் நடப்பார்கள். இதற்கு நீங்கள் எங்களை வரையாமலே இருந்திருக்கலாம். துப்புரவுப் பிரிவுக்காரர் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அப்படி நின்றிருக்க மாட்டார்.

மூன்று வாரம் அந்த வரைபடத்தை மேஜை மேலேயே வைத்திருந்தேன். போன திங்கட்கிழமை சாவிக்கொத்து வந்து, "எங்க கேட்?" என்றார். உடம்பு சரியில்லை, கம்பி சரியில்லை என்று எதையாவது சொல்லி இழுத்தடித்திருக்கலாம். தந்திரமாக ஏதாவது செய்தால் என்ன ஆகும் என்று உங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். "எங்க தெருவுக்குப் போற வழிய நானே அடைக்கணுமா சார்? மாட்டேன்" என்றேன். "யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?" என்றார். "தெரியுது சார். சத்தமா வேணா இன்னொரு தடவ சொல்லவா?" என்றேன். பக்கத்து மேஜையில் வேலை செய்கிறவர் மிஷினை அணைத்துவிட்டார்.

அண்ணனிடம் இதைக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி.

பொறி

செப்டம்பர் 11

அன்புள்ள பொறிக்கு,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை உன் அண்ணன்தான் முதலில் படித்தார். மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "படிச்சுட்டு சாப்பிடு, இல்ல சாப்பிட்டுட்டு படி. ரெண்டும் சேர்ந்து நடக்காது" என்றார். சாப்பிடவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரலில் குழு கூடியபோது, கேட்டுக்கு ஒத்துக்கொள், இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்து வேறு பாலம் கட்டிக்கொள்வோம் என்றார்கள். கை இருந்தால் போதும், கேட்டை என்றைக்காவது யாராவது கழற்றிவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பாலம் நின்றுவிட்டால் ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன். என் தொழிலில் எல்லோருக்கும் இந்தக் கோளாறு உண்டு. நிற்கிறதா என்று பார்ப்போம், யார் நடக்கிறார்கள் என்று பார்க்க மாட்டோம். உனக்கு எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் தெரிந்தது, செய்தது தப்பு என்று. அதனால்தான் குடை.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் மன்னித்துவிடு என்று இப்போது எழுதப்போவதில்லை. கேட்டே இல்லை என்று ஆன பிறகு கேட்கிறேன்.

பாலம் முடிந்தது, ஆட்கள் நடக்கலாம் என்று வடிவமைத்தவள் சான்று கொடுத்தால்தான் திறக்க முடியும். கேட் இருக்கிற பாலத்துக்கு நான் அதைக் கொடுக்கப்போவதில்லை. இன்று காலை அவர்களுக்கு இரண்டு வரியில் எழுதிவிட்டேன். ஏப்ரலில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், கேட் இருந்தால் சான்று இல்லை. வேறு எதுவும் எழுதவில்லை. உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

சாவிக்கொத்து உன்னை என்ன செய்தார்? அதை எழுது.

அண்ணி

அக்டோபர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அம்மா நலம். மன்னிப்பைத் தள்ளிப்போட்டதும் நல்லதுதான், கொடுக்க எனக்கும் மனசில்லை. ஆனால் உங்கள் இரண்டு வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா மறுபடி படிக்கச் சொன்னாள்.

மூன்று கையும் சேர்ந்துவிட்டன. கேபிள்களை முறுக்கி இழுத்து, தாங்கு மேடைகளை எடுத்துவிட்டார்கள். பகல் பதினொரு மணி வெயிலில் பாலத்தின் நிழல் எங்கள் கரையோரம் தண்ணீரில் விழுகிறது. படியில் உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு நன்றாக இருக்கிறது. உங்கள் மேல் இருக்கிற கோபத்தோடேயே சொல்கிறேன், அழகான பாலம்.

வெளியிலிருந்து ரெடிமேடாக ஒரு கேட் வாங்கிவந்து தூணில் சாத்தி வைத்திருக்கிறார்கள். மாட்ட ஆள் தேடுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒருவரும் வரவில்லை. நான் யாரையும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. கொஞ்சமாகக் கேட்டுக்கொண்டேன். தெரு நடுவில் வெல்டிங் கடை வைத்திருப்பவர் மட்டும் இரட்டைக் கூலி என்றதும் யோசித்தாராம். அவர் மனைவி கான்டீனில் வேலை செய்கிறாள். அவருக்கு அன்றிலிருந்து வீட்டில் சாப்பாடு நேரத்துக்குக் கிடைப்பதில்லை என்று கேள்வி. யோசனையை விட்டுவிட்டார்.

அங்கே உங்களுக்குத் தொல்லை கொடுக்கிறார்களா?

உங்கள் பொறி

நவம்பர் 19

அன்புள்ள பொறிக்கு,

நலம், அத்தனை தொல்லைக்கும் நடுவில் நலம்.

நேற்றுக் கூட்டம் நடந்தது. துணைவேந்தரே வந்திருந்தார். எங்கள் நிறுவனத்தின் முதலாளி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கையெழுத்துப் போட்டுவிடு என்று மேஜைக்கு அடியில் காலை மிதித்துக்கொண்டே இருந்தார். ஏன் சான்று தர மறுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கூட்டம் நெரிந்தால் மூன்று பக்கமும் வழி திறந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை, அவர்களும் மரியாதையோடு ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. "அந்தப் பக்கம் ஆளுங்க இருக்காங்க. அவங்க நடக்கணும். அவ்வளவுதான்" என்றேன். "இதுல இன்ஜினியரிங் எங்க இருக்கு?" என்றார் பதிவாளர். "நடக்க முடியலன்னா அது பாலமே இல்ல. நான் பாலத்துக்குத்தான் சான்று தருவேன்" என்றேன்.

முதலாளி மிதிப்பதை நிறுத்திவிட்டார். என்னைத் தலைமுழுகுவது என்று அந்த நிமிடம் முடிவு செய்திருக்க வேண்டும்.

அரை நாள் இழுத்தது. கட்டி முடித்த பாலம் ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடக்கிறது, விடுதி மாணவர்களும் கூச்சல் போட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் கேட் போகிறது. அதற்குப் பதிலாகக் கல்வெட்டில் என் பெயர் இருக்காது, நிறுவனத்தின் பெயர் மட்டும்தான். ஆற்றின் மேல்பக்கம் நான் பாதி வரைந்திருந்த படகுத்துறை வேலையும் இன்னொருவருக்குப் போய்விட்டது. உன் அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சான்றில் போட்ட கையெழுத்தைப் போல ஒன்றை இத்தனை வருடத்தில் போட்டதில்லை. காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டேன்.

இப்போது கேட்கிறேன், பொறி. என்னை மன்னித்துவிடு.

இன்னொன்றும் கேட்கிறேன். சாவிக்கொத்து உன்னை என்ன செய்தார் என்று கேட்டிருந்தேன், அதற்கு நீ பதிலே எழுதவில்லை. பகல் பதினொரு மணிக்குப் படியில் உட்கார்ந்து நிழலைப் பார்த்தேன் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அந்த நேரத்தில் நீ பட்டறையில் அல்லவா இருக்க வேண்டும்?

அன்புடன்,
அண்ணி

டிசம்பர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் நலம். கேட்டதற்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

மன்னித்துவிட்டேன். கேட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்றே மன்னித்துவிட்டேன். கொஞ்ச நாள் காத்திருக்கட்டும் என்று எழுதாமல் இருந்தேன்.

ஆமாம், வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். 'மாட்டேன்' என்று சொன்ன அந்த வாரமே. சொல்லியிருந்தால் நீங்கள் எனக்காகக் கெஞ்சப் போயிருப்பீர்கள். கேட்டை எடுக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டிய வாயால் என் வேலைக்காகக் கெஞ்ச வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது எங்கள் தெருவிலேயே ஜன்னல் கிரில் செய்கிற கடையில் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் குறைவு. முதலாளி வாயைத் திறந்தால் மூடமாட்டார், ஆனால் அவர் இடுப்பில் சாவி இல்லை.

திங்கட்கிழமை பாலத்தைத் திறந்தார்கள். அந்தப் பக்கம் பேச்சும் மாலையும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் பேசவில்லை, நேராக ஏறி நடந்துவிட்டோம். துப்புரவுப் பிரிவுக்காரர் முன்னால் போனார். நடுவில் கம்பத்துக்குக் கீழே போனதும் நின்று, வலது கையால் கேபிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். அம்மா அவரிடம், "நில்லுங்க, பின்னாடி ஆளு வருது" என்றாள். கல்வெட்டைப் பார்த்தேன். உங்கள் பெயர் இல்லாததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

பல்கலைக்கழகத்தில் எனக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் கடைக்குப் போவதற்கு முன்னால் தினமும் காலையில் பாலத்தில் ஏறி, பட்டறை வாசல் வரைக்கும் நடந்து, திரும்பி வருகிறேன். பட்டறைக்காரர்கள் கையசைப்பார்கள். நேற்று சாவிக்கொத்து வழியில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க போற?" என்றார்.

"உங்க கரைக்கு."

"இங்க உனக்கு என்ன வேலை?"

"ஒண்ணுமில்ல சார். நடக்கத்தான் வந்தேன்."

நான் அவரைத் தாண்டிப் பட்டறை வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். நாளைக்கும் போவேன். நீங்கள் வாருங்கள், அண்ணி. நம் பக்கத்திலிருந்து ஏறலாம். அவர் எதிரில் வந்தால் இதை வரைந்தது யார் என்று நானே சொல்கிறேன்.

உங்கள் பொறி